கேள்வி முதலில், கிடங்கு அப்புறம்

சென்னை – அரக்கோணம் தடத்தில் திருநின்றவூருக்கு அடுத்த நிறுத்தம் வேப்பம்பட்டு. வயலும் தோப்புமாக இருந்த இந்தச் சுற்றுவட்டாரம் இன்று ‘நகர்’ என்று முடியும் பெயர்களால் நிறைந்திருக்கிறது. இங்கே மனை வாங்கப் போகிறவர் முன்பணம் கொடுப்பதற்கு முன் மூன்று தாள்களையாவது பார்த்துவிட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும்: வில்லங்கச் சான்று, பட்டா, எஃப்எம்பி வரைபடம். முதலாவது பதிவுத்துறை தருவது. மற்ற இரண்டும் வருவாய்த்துறை, நில அளவைத்துறை வழியாக வருபவை. மூன்றும் பேசுவது ஒரே மனையைப் பற்றித்தான். ஆனாலும் ஒன்றில் இருக்கும் பெயர் இன்னொன்றில் இல்லாமல் போவதும், பத்திரத்தில் ஒரு சர்வே எண்ணும் பட்டாவில் வேறோர் உட்பிரிவும் இருப்பதும் மனை வாங்கியவர்களுக்குப் பழகிப்போன தலைவலி.

“எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றியாயிற்றே, ஒரே இடத்தில் போட்டுவிட்டால் என்ன?” என்று கேட்கத் தோன்றும். ‘பிக் டேட்டா’ என்ற சொல் பரவிய பிறகு அதற்கு ஒரு சுலபமான பதிலும் சந்தைக்கு வந்துவிட்டது: பெரிய கிடங்காக ஒன்று வாங்கு, அனைத்தையும் அதில் கொட்டு, தேவைப்படும்போது எடுத்துக்கொள். இந்தப் பதில் ஏன் போதாது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். எந்தச் சேமிப்பகமும் சில கேள்விகளுக்குச் சட்டென்று பதில் சொல்லும். சிலவற்றுக்கு மணிக்கணக்கில் தேடும். சிலவற்றுக்குக் கையை விரித்துவிடும். எந்தக் கேள்வி எந்த வகையில் சேரும் என்பது, தகவலை உள்ளே வைக்கும் நாளிலேயே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. அந்த முடிவைத்தான் மென்பொருள்காரர்கள் ‘மேப்பிங்’ என்கிறார்கள்.

நிரலுக்குள் ஒரு மனை எப்படி இருக்கிறது என்று பார்ப்போம். கிராமம், சர்வே எண், உட்பிரிவு, பரப்பு என்று சில விவரங்கள், உரிமையாளர்களின் பட்டியல், அந்த மனைமீது நடந்த கிரயம், அடமானம், பாகப்பிரிவினை ஆகியவற்றின் பட்டியல். இவையெல்லாம் சேர்ந்த ஒரே மூட்டையை நிரலாளர் ‘ஆப்ஜெக்ட்’ என்பார். கம்ப்யூட்டரின் நினைவகத்தில் இருக்கும்வரை இதில் சிக்கலே இல்லை. மின்சாரம் போனாலும் அழியாமல் இருக்க வேண்டுமென்றால் டிஸ்க்கில் எழுத வேண்டும். டிஸ்க்குக்கு மனையும் தெரியாது, உரிமையாளரும் தெரியாது. எந்த விவரம் எந்த டேபிளில், எந்த வரிசையில், எந்தப் பெயரில் போய் உட்கார வேண்டும் என்று யாராவது விதி எழுதித் தர வேண்டும்.

பழைய முறையில் அந்த விதி இப்படி இருக்கும்: மனைகளுக்கு ஒரு டேபிள், உரிமையாளர்களுக்கு ஒரு டேபிள், யாருக்கு எந்த மனை என்று சொல்ல மூன்றாவதாக ஓர் இணைப்பு டேபிள். கேள்வி வரும்போது மூன்றையும் சேர்த்துப் பார்த்து மனையை மறுபடி உருவாக்கிக்கொள்ளலாம். இதைத் தானாகச் செய்து தரும் கருவிகளில், ஜாவா உலகில் 2001-லிருந்து புழங்கும் ‘ஹைபர்னேட்’ பெயர் பெற்றது. ஒரே சர்வரில் அடங்கும் அளவுக்கு இந்த முறை இன்றைக்கும் அருமையானது. முன்கூட்டியே யோசிக்காத கேள்வியைக்கூடக் கேட்டுப் பார்க்கலாம். அதுதான் அதன் பெரிய வசதி.

தகவல் பெருகி, நூற்றுக்கணக்கான சர்வர்களில் பரவிக் கிடக்கும்போது அந்த வசதி போய்விடுகிறது. மனை ஒரு சர்வரில், உரிமையாளர் வேறொரு சர்வரில் இருந்தால், இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதற்கே நெட்வொர்க்கில் அலைய வேண்டியிருக்கும். கூகுள் 2006-ல் ‘பிக்டேபிள்’ பற்றியும், அமேசான் 2007-ல் ‘டைனமோ’ பற்றியும் வெளியிட்ட கட்டுரைகள் இந்தச் சிக்கலுக்கு விடையாக வந்தவை. இன்று பரவலாகப் பயன்படும் ஹெச்பேஸ், பிக்டேபிளின் வழியில் வந்தது. கஸாண்ட்ரா இரண்டிலிருந்தும் எடுத்துக்கொண்டது. இவற்றின் ஒப்பந்தம் எளியது: ‘கீ’யைச் சொல், அதற்குரிய வரிசையை உடனே தருகிறேன், டேபிள்களைச் சேர்த்துப் பார்க்கும் வேலையை மட்டும் என்னிடம் கேட்காதே. ஆகவே இங்கே மேப்பிங் எழுதுகிறவர் முதலில் முடிவுசெய்ய வேண்டியது, எந்தக் கேள்விகள் வரப்போகின்றன என்பதைத்தான்.

1908-லேயே இருந்த விடை

கேள்வியை முன்வைத்துச் சேமிப்பை அமைப்பது கம்ப்யூட்டரோடு வந்த யோசனை என்று நினைக்க வேண்டியதில்லை. நம் சார்பதிவாளர் அலுவலகங்களை நடத்தும் 1908-ம் ஆண்டு பதிவுச் சட்டத்தைப் பாருங்கள். நிலம் பற்றிய பத்திரங்கள் முதல் புத்தகத்தில் ஏறுகின்றன. வந்த வரிசைப்படி ஆவண எண் விழுகிறது. இன்றைக்கும் ஒரு பத்திரத்தின் முழு அடையாளம் ஆவண எண், ஆண்டு, சார்பதிவகம் ஆகிய மூன்றும் சேர்ந்ததுதான். இந்த மூன்றும் தெரிந்தவருக்குப் பத்திரம் உடனே கிடைக்கும்.

மனை வாங்க வருகிறவருக்கோ ஆவண எண் தெரியாது. “இந்த சர்வே எண்ணில் இதுவரை என்னென்ன நடந்திருக்கிறது?” என்பதுதான் அவருடைய கேள்வி. வேறொருவருக்கு, “இந்தப் பெயரில் என்னென்ன பத்திரங்கள் இருக்கின்றன?” என்று தெரிய வேண்டும். இந்த இரண்டு கேள்விகளையும் எதிர்பார்த்தே சட்டத்தின் 55-வது பிரிவு, பெயர்களுக்கு முதல் அட்டவணையையும் சொத்துகளுக்கு இரண்டாம் அட்டவணையையும் எழுதி வைக்கச் சொல்கிறது. வில்லங்கம் போட்டுப் பார்ப்பது அந்தச் சொத்து அட்டவணையைப் புரட்டுவதுதான். 2018 பிப்ரவரியில் ‘ஸ்டார் 2.0’ மென்பொருள் வந்த பிறகு புரட்டுவது கையிலிருந்து திரைக்கு மாறியிருக்கிறது. கேள்வியின் வடிவம் மாறவில்லை.

வருவாய்த்துறையின் கிராமக் கணக்குகளிலும் இதே யோசனை இருக்கிறது. அ-பதிவேடு சர்வே எண் வரிசையில் எழுதப்படுவது: நிலத்தைச் சொன்னால் அதன் வகை, பரப்பு, தீர்வை, உடையவர் பெயர் தெரியும். சிட்டா பட்டா எண் வரிசையில் எழுதப்படுவது: பட்டா எண்ணைச் சொன்னால் அந்த ஆளுக்கு ஊரில் இருக்கும் நிலமெல்லாம் ஒரே பக்கத்தில் கிடைக்கும். இரண்டாம் எண் கிராமக் கணக்கான அடங்கலில் சர்வே எண்ணோடு பசலி ஆண்டும் சேர்ந்துகொள்கிறது: எந்த நிலத்தில் எந்தப் பசலியில் என்ன பயிர். கர்ணம் காலத்தில் தொடங்கி, 1980-ல் அந்தப் பதவி போய் கிராம நிர்வாக அலுவலர் வந்த பின்னும் இந்த அமைப்பு நீடிக்கிறது.

கஸாண்ட்ரா கற்றுத் தருகிறவர்கள் முதல் வகுப்பில் சொல்வதும் இதைத்தான்: ஒரு கேள்விக்கு ஒரு டேபிள். ஒரே தகவலை இரண்டு இடத்தில் எழுது. இரண்டுக்கும் வெவ்வேறு கீ கொடு. சிட்டாவும் அ-பதிவேடும் அப்படிப்பட்ட இரண்டு டேபிள்கள். அதற்குக் கொடுக்கும் விலையும் நம் மக்களுக்குத் தெரிந்ததுதான். நிலம் கைமாறினால் இரண்டிலும் திருத்த வேண்டும். ஒன்றில் திருத்தி மற்றொன்றை மறந்தால், அன்றிலிருந்து இரண்டும் வேறு வேறு உண்மையைச் சொல்லத் தொடங்கும். பத்திரம் பதிந்து இருபது ஆண்டுகளாகியும் பட்டா பழைய உரிமையாளர் பெயரிலேயே கிடக்கும் மனைகள், ஒரு பிரதியைத் திருத்தி மறு பிரதியை விட்டுவிட்டதன் விளைவு.

கீ என்னும் சின்ன விஷயம்

மேப்பிங்கில் பிழை அதிகம் நேரும் இடம் கீ. கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். ஹெச்பேஸ் எல்லா வரிசைகளையும் கீயின் அகரவரிசைப்படியே அடுக்கி வைக்கிறது. கீயாக வெறும் சர்வே எண்ணைக் கொடுத்தோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எண் என்று அதற்குத் தெரியாது. எழுத்து எழுத்தாகத்தான் ஒப்பிடும். அதனால் 112/10 என்பது 112/2-க்கு முன்னால் போய் நிற்கும். 112-ம் சர்வே எண்ணின் 2 முதல் 9 வரையிலான உட்பிரிவுகளைக் கேட்டால், வர வேண்டியவற்றோடு 112/20, 112/31 என்று கேட்காதவையும் சேர்ந்து வரும். அனுபவசாலிகள் அதனால்தான் 0112/0002 என்று சுழியம் நிரப்பி எழுதுவார்கள். இந்த ஒரு வரி விதியை முதல் நாள் மறந்துவிட்டால், கோடிக்கணக்கான வரிசைகள் ஏறிய பிறகு எல்லாவற்றையும் மறுபடி எழுத வேண்டியிருக்கும்.

கீக்கு முன்னால் மாவட்டம், வட்டம், கிராமம் ஆகியவற்றின் குறியெண்களை இந்த வரிசையில் சேர்த்தால் ஒரு நன்மை உண்டு. வேப்பம்பட்டின் நிலங்கள் எல்லாம் அடுத்தடுத்து வந்து உட்காரும். ஊர் முழுவதையும் ஒரே வீச்சில் படித்துவிடலாம். பிக்டேபிள் கட்டுரையிலும் இதே உத்தி உண்டு. இணைய முகவரியில் சிறியது முன்னாலும் பெரியது பின்னாலும் வரும். கூகுள் அதைத் திருப்பிப் போட்டு, நாடு அல்லது வகை, நிறுவனம், உட்பிரிவு என்று பெரியதிலிருந்து சிறியதாகக் கீ அமைத்தது. ஒரே நிறுவனத்தின் பக்கங்கள் அத்தனையும் டிஸ்க்கில் ஒரே இடத்தில் சேர்ந்துகொண்டன.

வரிசையாக அடுக்குவதில் ஒரு கெடுதலும் உண்டு. ஆவண எண்ணையோ நேரத்தையோ கீயின் முதல் பகுதியாக வைத்தால், புதிதாக வருபவை எல்லாம் கடைசியில்தான் சேரும். கடைசிப் பகுதியை வைத்திருக்கும் ஒரே சர்வர் திணறும். மற்றவை சும்மா இருக்கும். இதற்கு நேர்மாறாக ஆதார் எண்ணைப் பாருங்கள். அதன் 12 இலக்கங்களில் ஊர், சாதி, வயது என்று எந்தச் செய்தியும் கிடையாது. கடைசி இலக்கம் பிழை கண்டுபிடிப்பதற்கு, மற்றவை குலுக்கல் முறையில் வருபவை. தனிமனிதரைப் பற்றி எண்ணே எதையும் காட்டிக்கொடுக்கக் கூடாது என்பது அதன் நோக்கம். அப்படிப்பட்ட எண் கீயாகும்போது சுமையும் எல்லாச் சர்வர்களுக்கும் ஏறக்குறையச் சமமாகப் பிரியும். ஆனால் ‘அடுத்தடுத்த நூறு எண்களைக் கொடு’ என்று கேட்டுப் பயனில்லை, அடுத்தடுத்த எண்கள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை. ஒரே கீயில் இரண்டு வசதியும் கிடைக்காது.

இன்னொன்று, கீ மாறவே கூடாது. ஹெச்பேஸில் ஒரு வரிசையின் கீயைத் திருத்த முடியாது. புதிய கீயில் முழுவதையும் எழுதிவிட்டுப் பழையதை அழிக்க வேண்டும். நம் நிலங்களின் கீயோ மாறிக்கொண்டே இருக்கிறது. 112/2 விற்பனையாகி 112/2ஏ, 112/2பி ஆகிறது; பிறகு 112/2ஏ1 பிறக்கிறது. மறு அளவை நடந்தால் பழைய சர்வே எண், புதிய சர்வே எண் என்று பத்திரத்தில் இரண்டையும் எழுத வேண்டியிருக்கிறது. நகர நில அளவைக்குள் வந்துவிட்டால் வார்டு, பிளாக், டவுன் சர்வே எண் என்று அடையாளமே வேறாகிவிடுகிறது. பட்டா மாறுதலில் ‘உட்பிரிவு இல்லாத இனம்’ பத்திரம் பதிந்த கையோடு தானாகவே முடிந்துவிட முடிகிறது. ‘உட்பிரிவு உள்ள இனம்’ சர்வேயர் வந்து அளக்கும்வரை காத்திருக்கிறது. முன்னதில் வரிசைக்குள் ஒரு பெயரை மாற்றினால் போதும். பின்னதில் புதிய கீயே பிறக்க வேண்டும். அதை மென்பொருள் தானாக முடிவு செய்ய முடியாது. நிலத்தில் கல் ஊன்றிய பிறகுதான் சொல்ல முடியும்.

ஒரு மனிதர், ஐந்து இடங்கள்

எல்லாம் ஒரே கிடங்கில் என்ற ஆசைக்கு ஆதாரின் அனுபவமே நல்ல பதில். ஒருவர் பதிவு செய்துகொள்ளும்போது உருவாகும் தகவல் சுமார் 5 எம்பி என்றும், நாடு முழுவதற்கும் அது 10 முதல் 15 பெட்டாபைட்வரை வரும் என்றும் 2012-ல் ஆதார் தொழில்நுட்பக் குழு பொது மேடையில் விளக்கியது. நிரலின் பார்வையில் அது ஒரே ஆப்ஜெக்ட்: ஒரு மனிதர். ஆனால் அன்றைய அமைப்பில் அவரைப் பல இடங்களில் பிரித்து வைத்தார்கள். பெயர், முகவரி போன்றவையும் படமும் மாங்கோடிபியில். தேடுவதற்கு வேண்டிய சில விவரங்கள் மட்டும் சோலாரில். எண் வழங்கப்பட்டவர்களின் அடிப்படை விவரம் மைஎஸ்க்யூஎல்லில். கைரேகை, கருவிழி ஆகியவற்றின் வார்ப்புகள் ஹெச்பேஸில். பதிவு மையத்திலிருந்து வந்த மூலப் பொட்டலம் ஹடூப்பின் கோப்பு அமைப்பான ஹெச்டிஎஃப்எஸ்ஸில்.

ஏன் இத்தனை? ஒவ்வொன்றிடமும் கேட்கப்படும் கேள்வி வேறு. ‘இந்தப் பதிவை எடு’ என்பது ஒன்று. ‘இதே பெயர், இதே பிறந்த தேதியில் வேறு யாராவது இருக்கிறார்களா?’ என்பது இன்னொன்று. ‘இந்தக் கைரேகை ஏற்கெனவே உள்ளதா?’ என்பது மூன்றாவது. மூலப் பொட்டலத்தை அன்றாடம் யாரும் கேட்பதில்லை. தொலையாமல் இருந்தால் போதும். கேள்விகளை முதலில் பட்டியலிட்டதால்தான் எது எங்கே போக வேண்டும் என்பது தெளிவானது.

‘கோரா’ தந்த வாக்குறுதி

இத்தனை கிடங்குகள் இருக்கும்போது ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக நிரல் எழுதுவது பெரும்பாடு. அதைக் குறைக்க வந்த கருவிகளில் ‘அப்பாச்சி கோரா’ ஒன்று. 2002-ல் டக் கட்டிங்கும் மைக் கஃபரெல்லாவும் தொடங்கிய ‘நட்ச்’ என்ற இணையத் தேடல் திட்டம்தான் இதற்கும் தாய்வீடு. ஹடூப்பும் அங்கிருந்து 2006-ல் பிரிந்து வந்ததுதான். 2010-ல் அப்பாச்சியின் அடைகாப்புத் திட்டத்தில் சேர்ந்த கோரா, 2012 ஜனவரியில் தனித் திட்டமானது.

அது வேலை செய்யும் விதம் நேர்த்தியானது. ஆப்ஜெக்டில் என்னென்ன விவரங்கள் என்பதை ‘ஆவ்ரோ’ வடிவில் ஒரு கோப்பில் எழுதினால், அதிலிருந்து ஜாவா நிரலைக் கோராவே உருவாக்கித் தரும். எந்த விவரம் ஹெச்பேஸில் எந்த நெடுவரிசைக் குடும்பத்துக்குப் போக வேண்டும் என்பதை எக்ஸ்எம்எல் கோப்பு ஒன்றில் தனியாக எழுத வேண்டும். நாளை கஸாண்ட்ராவுக்கு மாற நினைத்தால் அந்த மேப்பிங் கோப்பையும் அமைப்புக் கோப்பையும் மாற்றினால் போதும், நிரலைத் தொட வேண்டாம் என்பது வாக்குறுதி.

அந்த வாக்குறுதியில் பாதி நிஜம். ‘இந்தக் கீயைக் கொடு’, ‘இதை எழுது’, ‘இதை அழி’ ஆகியவை எங்கும் ஒன்றுபோலவே நடக்கும். மறுபாதியில்தான் கவனம் வேண்டும். ஹெச்பேஸ் கீக்களை வரிசையாக அடுக்குகிறது என்று பார்த்தோம். கஸாண்ட்ரா இயல்பான அமைப்பில் முதன்மைக் கீயை ஒரு கணக்கால் கலைத்து, சர்வர்களுக்குச் சிதறடித்துவிடுகிறது. ஹெச்பேஸில் ‘வேப்பம்பட்டில் தொடங்கும் கீக்கள் அனைத்தும்’ என்று ஒரே வீச்சில் படித்த நிரல், மேப்பிங் கோப்பை மாற்றிக் கஸாண்ட்ராவுக்குப் போனால் பிழையின்றி ஓடக்கூடும். ஆனால் அந்த வரிசை அங்கே இருக்காது. கிராமத்தை முதன்மைக் கீயாகவும் சர்வே எண்ணை அதற்குள் அடுக்கும் இரண்டாம் கீயாகவும் வைத்து வடிவமைப்பையே மாற்ற வேண்டியிருக்கும். கருவி பெயர்களை மொழிபெயர்த்துத் தரும். யோசனையை மொழிபெயர்த்துத் தராது.

நட்ச் திட்டத்துக்கு நேர்ந்ததும் இங்கே நினைவில் கொள்ளத்தக்கது. கோராவை நம்பி 2012-ல் எழுந்த அதன் 2-ம் வரிசை, 2019-ல் வந்த 2.4 வெளியீட்டோடு நின்றுவிட்டது, பராமரிக்க ஆளில்லை. ஹெச்டிஎஃப்எஸ்ஸில் நேரடியாகக் கோப்புகளை எழுதும் பழைய 1-ம் வரிசைதான் தொடர்கிறது. இடைநிலை அடுக்கு ஒன்றைச் சேர்த்தால் அதைப் பராமரிக்கும் பொறுப்பும் கூடவே வருகிறது.

என்ன செய்யலாம்?

இது அரசுத் துறைகளுக்கு மட்டுமான பாடமில்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் இரும்பு உருக்கும் ஆலைகளை எடுத்துக்கொள்ளுங்கள். உலையின் வெப்பநிலை நொடிக்கு நொடி சென்சாரிலிருந்து வருகிறது. அதை நேரவரிசையில் சேமித்து வைப்பதுதான் கைக்கு வரும் முதல் யோசனை. ஆனால் வாடிக்கையாளரின் புகார் நேரத்தைச் சொல்லிக்கொண்டு வராது. ‘இந்த ஹீட் நம்பர் கம்பி வளைக்கும்போது விரிசல் விடுகிறது’ என்றுதான் வரும். உலையின் ஒவ்வோர் உருக்கலுக்கும் இடும் அந்த ஹீட் நம்பரைக் கீயில் சேர்க்காமல் ஆண்டுக்கணக்கில் சேர்த்த வெப்பநிலைப் பதிவு, வேண்டிய நாளில் கைகொடுக்காது. எத்தனை டெராபைட் என்பது அங்கே பேச்சே இல்லை.

ஆகவே டெண்டர் எழுதும் அதிகாரிக்கும், மென்பொருள் வாங்கும் ஆலை உரிமையாளருக்கும், இந்தப் பகுதிப் பொறியியல் கல்லூரிகளில் இறுதியாண்டு புராஜெக்ட் செய்யும் மாணவருக்கும் ஒன்றே சொல்லலாம். எந்த டேட்டாபேஸ் என்ற பேச்சைத் தள்ளிவைத்து, முதலில் ஒரே ஒரு பக்கம் எழுதுங்கள். யார் யார், எதைத் தெரிந்துகொண்டு, எதைக் கேட்பார்கள்? ஒவ்வொரு கேள்விக்கும் கீ என்ன? அந்தக் கீ மாறக்கூடியதா, மாறினால் பழையதற்கும் புதியதற்கும் தொடர்பை எங்கே எழுதி வைப்போம்? ஒரே தகவல் எத்தனை இடத்தில் பிரதியாக இருக்கும், அவற்றைத் திருத்தும் பொறுப்பு யாருடையது? இந்தப் பக்கத்தைக் கணினி தெரியாதவரும் படித்துப் புரிந்துகொள்ள முடிய வேண்டும், ஏனென்றால் என்ன கேள்வி வரும் என்பது நிரலாளரைவிட அவர்களுக்குத்தான் தெரியும்.

அந்தப் பக்கத்தின் கடைசி வரியாக ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும்: பிரதிகள் முரண்பட்டால் எதை நம்புவது? நில விஷயத்தில் நீதிமன்றங்கள் இதற்குப் பதில் சொல்லியிருக்கின்றன. வருவாய்ப் பதிவேட்டில் பெயர் இருப்பதால் மட்டும் உரிமை வந்துவிடாது என்று உச்ச நீதிமன்றம் பலமுறை கூறியிருக்கிறது. உரிமையை நிறுவ வேண்டியது பத்திரமும் அதன் மூலமும்தான். நிலத்துக்கு அந்த விடை வழக்குகள் நடத்திக் கிடைத்தது. புதிதாகக் கட்டப்படும் ஒவ்வொரு தரவு அமைப்புக்கும் அதை முதல் நாளிலேயே, வழக்கு இல்லாமல், எழுதி வைத்துவிட முடியும்.